மறு: ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் - தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்,

உள்ளடக்கக் கோப்புகளை முன்கூட்டியே இணையப் பக்கங்களாக மாற்றி வைக்கும் கருவிதான் ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும்போது வந்த பரிந்துரை இது:

> 'நிலையான தள உருவாக்கி' என்றே வைத்துக்கொள்ளலாமே, நேரடியாகப் புரிகிறதே.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. நம் வெளியீட்டுக் குறிப்புகளில் ஸ்டேபிள் ரிலீசை (சோதித்து முடித்து வெளியிடும் பதிப்பை) 'நிலையான பதிப்பு' என்றுதான் எழுதிவருகிறோம். பக்கத்திலேயே 'நிலையான தளம்' என்று வந்தால், புதிதாக வருகிறவர் அடிக்கடி முடங்காத தளம் என்றோ, மாற்றவே முடியாத தளம் என்றோ எடுத்துக்கொள்வார். ஆவணக் குழுவில் சேர்ந்த ஒருவர் "அப்படியென்றால் புதுச் செய்தி எப்படிப் போடுவது?" என்று கேட்டேவிட்டார்.

பக்கம் எப்போது உருவாகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். வேர்ட்பிரசில் யாராவது பக்கத்தைக் கேட்டால், கேச் (முன்பு கட்டிய பக்கத்தின் நகல்) வைக்காதவரை, அந்த நேரத்தில்தான் பிஎச்பி நிரல் ஓடி மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்து தரவை எடுத்துப் பக்கத்தைக் கட்டித் தருகிறது. ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர்களான ஜெக்கில், ஹியூகோ, பெலிகன் எல்லாம் மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்புகளை முன்கூட்டியே எச்டிஎம்எல் ஆக்கி வைத்துவிடும், வழங்கி கோப்பை எடுத்து நீட்டினால் போதும். நான் முன்பு பார்த்துக்கொண்ட ஒரு தளத்தில் செருகுநிரல் ஒன்றை ஆறு மாதம் யாரும் புதுப்பிக்காமல் விட்டு, எவரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள், கடவுச்சொல் வைத்திருந்தவரோ வேலை மாறிப் போயிருந்தார். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கிற நம்மைப் போன்ற திட்டத்துக்கு, எல்லாம் கிட்டில் (கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) கோப்பாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குபெர்னெட்டீஸ் என்ற திறமூலத் திட்டத்தின் ஆவணத்தளம் 2018இல் ஜெக்கிலில் இருந்து ஹியூகோவுக்கு மாறியதற்குப் பன்மொழி வசதியும் ஒரு காரணம். தமிழும் ஆங்கிலமும் சேர்த்து நடத்தும் நமக்கும் அது வேண்டும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். என் பரிந்துரை: தளவார்ப்பி.

டெம்ப்ளேட்டுக்கு 'வார்ப்புரு' என்ற சொல் தமிழ் விக்கிப்பீடியா வழியாக நன்றாக வேரூன்றிவிட்டது. வார்ப்புருவில் உள்ளடக்கத்தை ஊற்றித் தளமாக எடுக்கிற கருவி தளவார்ப்பி. வினையாகவும் இயல்பாக வருகிறது பாருங்கள்: "தளத்தை வார்த்து ஏற்றிவிட்டேன்", "மூன்றாவது கோப்பில் வார்ப்பு நின்றுவிட்டது". 'உருவாக்கி'யில் இந்த வசதி கிடையாது.

> தோசையும் வார்ப்பதுதான், அது கேட்ட பிறகு ஊற்றுவதாயிற்றே?

நியாயமான கேள்வி, நானும் கொஞ்சம் யோசித்தேன். தோசைக்கு அச்சு கிடையாது. இங்கே மனத்தில் வரவேண்டியது கோவைப் பக்கத்து வார்ப்படத் தொழில், அங்கே அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, முழுப்பொருளாக வெளியே அனுப்புகிறார்கள், வாங்குகிறவர் வந்து நின்ற பிறகு இரும்பை உருக்குவதில்லை. வார்ப்புருவும் வார்ப்பியும் அடுத்தடுத்து வரும்போது படிப்பவர் தோசைக்குப் போகமாட்டார் என்றே நம்புகிறேன்.

ஸ்டாட்டிக் பக்கத்துக்கு 'வார்த்த பக்கம்' போதும். வேர்ட்பிரஸ் போன்றவற்றுக்கான 'உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' என்ற சொல் நீளம்தான், ஆனால் பழகிவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

எனக்கு இன்னும் உறுதியில்லாதது சொல்லின் முன்பாதியான 'தள' மட்டும். ஸ்பிங்க்ஸ் போன்ற ஆவணக் கருவிகளை முழுத் தளத்துக்கு அல்லாமல் ஆவணங்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் நிறைய, அவர்களுக்குத் 'தளவார்ப்பி' பொருந்துமா, 'பக்கவார்ப்பி' என்று வைப்பதா? பங்களிப்பாளர் கையேட்டை ஞாயிறு மாலை வார்க்கப்போகிறேன், அதற்குள் சொல்லுங்கள்.