திடமான மசாலா தேநீர்: தூளை நீரில் கொதிக்கவிட வேண்டுமா, பாலோடு சேர்த்தா?

கார்முகில்:
வீட்டில் போடும் மசாலா தேநீர் வெளிறிப்போய், பால் வாடையோடு இருப்பதாகப் பலரும் குறைபடுகிறார்கள். தூளையும் பாலையும் தொடக்கத்திலேயே ஒன்றாக அடுப்பில் ஏற்றுவதுதான் இதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம், தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே மசாலாவை முதலில் நீரில் கொதிக்கவைத்து, பின்னர் தூளைப் போட்டு மூன்று நான்கு நிமிடங்கள் விட்டு, சாயம் முழுவதும் இறங்கிய பிறகே பாலை ஊற்ற வேண்டும்.

நிலவழகி:
கார்முகில் ஐயா, நீங்கள் குறையாகச் சொல்லும் அதே காரணத்தை நான் நிறையாகப் பார்க்கிறேன். குருணைத் தூளை வெறும் நீரில் நான்கு நிமிடங்கள் கொதிக்கவிட்டால் திடம் வராது, நாக்கை இழுக்கும் துவர்ப்புதான் வரும். அத்துடன், பட்டை, கிராம்பு, மிளகு ஆகியவற்றின் மணமும் காரமும் நீரைவிடக் கொழுப்பில் நன்றாகக் கரையக்கூடியவை என்பதால், மசாலா பாலோடு கொதிப்பதற்கும் பின்னால் பாலைக் கலப்பதற்கும் வேறுபாடு உண்டு. திடம் வேண்டுமானால் தூளைக் கூட்டுங்கள், நேரத்தை அன்று. தேநீரைச் சுவைத்து ஒப்பிடுவதற்காக 1980-இல் வந்த ஐஎஸ்ஓ 3103 என்னும் தர முறைகூட 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை என்கிறது. பாதிக்குப் பாதி பால் சேரும் தேநீருக்கு அதைவிடத் தாராளமாகவே போட வேண்டும்.

கார்முகில்:
அந்த முறையை நீங்களே குறிப்பிட்டது நல்லதாயிற்று, அம்மா. அதில் தேயிலை ஆறு நிமிடங்கள் ஊறுவது நீரில் மட்டுமே. பால் சேர்வதானால் கிண்ணத்தில்தான் சேர்கிறது. கொழுப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இஞ்சியை என்ன செய்வீர்கள்? தட்டிய பச்சை இஞ்சியைக் காய்ச்சாத பாலில் போட்டு மெல்லச் சூடாக்கினால், அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. பாத்திரத்தின் ஓரத்தில் முதலில் வெண்மையான பொடிமணிகள் ஒட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் திரிந்துவிடும்.

நிலவழகி:
இஞ்சியை நீரில்தான் போட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நன்றாகக் கொதித்துவிட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். நான் கேட்பதெல்லாம், அதன் பிறகு தூளும் பாலும் ஒன்றாக இறங்கட்டும் என்பதுதான். பால் பொங்கி விளிம்பைத் தொடும்போது தீயைக் குறைத்து அடங்கவிட்டு, மறுபடியும் பொங்கவிட வேண்டும். முதல் பொங்கலில் வெளிர் மஞ்சளாக இருப்பது, இரண்டாவதில் காவியாகி, மூன்றாவதில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். நீர் சுண்டச் சுண்டக் கிடைக்கும் அந்தக் கொழகொழப்பு, கடைசியில் பாலை ஊற்றும் முறையில் கிடைக்காது.

மருதன்:
இருவருமே தூளையும் பாலையும் பற்றிப் பேசுகிறீர்கள். மசாலாவின் அளவை யாரும் தொடவில்லை. இரண்டு கோப்பைக்கு ஒரு கிராம்பு போதும், கூடினால் நாக்கு மரத்துத் தேயிலையின் சுவையே தெரியாமல் போகும். காரம் வேண்டுவோர் பச்சை இஞ்சியை அள்ளிப் போடுவதைவிடச் சிறிது சுக்கைத் தட்டிப் போடலாம், ஏனெனில் காயும்போது இஞ்சியின் காரப்பொருளில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான வேறொரு பொருளாக மாறுகிறது. ஏலக்காயின் மணம் நீராவியோடு பறந்துவிடும் என்பதால் அதை இறக்கும் தறுவாயில் நசுக்கிப் போட்டு மூடிவைப்பதே சரி.

கார்முகில்:
ஏலக்காயைப் பற்றி மருதன் சொல்வது முற்றிலும் சரி. நிலவழகி அம்மா சொல்லும் கொழகொழப்பை, பாலைத் தனியே சுண்டக் காய்ச்சி ஊற்றியும் பெறலாம். அப்போது சாயம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பால் மறைக்காததால், எந்த நொடியில் நிறுத்துவது என்று கண்ணால் பார்த்தே முடிவு செய்ய முடியும்.

நிலவழகி:
இரண்டு பாத்திரங்கள், இரண்டு அடுப்புகள், ஐயா! நிறத்தைப் பாலிலேயே பார்க்கப் பழகிவிட்டால் அவை எதற்கு? நான் ஒரே பாத்திரத்தில்தான் போடுவேன்.