குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவுப்பூச்சி: ஹெரன் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன குளவி இங்கே ஒரு காட்டில் பிடிக்குது, பக்கத்துக் காட்டில் பிடிக்கலை, ஏன்?

தலைவாசல்_குச்சி:
வணக்கம்ங்க. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அனாகைரஸ் லோபெசி குளவியை (மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சு அதைக் கொல்ற சின்னக் குளவி) விட ஆரம்பிச்சாங்க. ஆப்பிரிக்காவில் ஹான்ஸ் ஹெரன்ங்கிற பூச்சியியலாளர் இதே குளவியை வெச்சுத்தான் மாவுப்பூச்சியை அடக்கினார்னு சொல்றாங்க. இங்கே செம்மண் காட்டில் கொழுந்து நல்லா விரியுது. வாய்க்கால் தாண்டி மணல்சாரிக் காட்டில் நுனி இன்னும் முடிச்சு முடிச்சா நிக்குது. குளவி பத்தலையா, இல்லை பூச்சியே வேறயா? மறுபடி மருந்து அடிக்கலாமா?

பூச்சியியல்_கோவை:
பூச்சி எதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஹெரன் காலத்துத் தேடல் முதலில் வழி மாறினதும் இந்த இடத்தில்தான். ஆப்பிரிக்காவில் இது 1973 வாக்கில் காங்கோ பகுதியில் தென்பட்டது. சுவிட்சர்லாந்துக்காரரான ஹெரன் 1979-ல் நைஜீரியாவின் இபாதானில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் சேர்ந்தார். மரவள்ளியின் தாயகம் தென்னமெரிக்கா, அதனால் எதிரிப் பூச்சியும் அங்கேதான் இருக்கும்னு தேடல் நடந்தது. கண்டத்தின் வடபகுதியில் கிடைத்த மாவுப்பூச்சி பார்க்க அதே மாதிரி. ஆனா உடம்பு மஞ்சள், ஆணும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ இளஞ்சிவப்பு, ஆணே இல்லாமல் பெருகுவது. அதாவது வேறு இனம் (இப்போ அதுக்கு ஹெரன் பேரையே வெச்சிருக்காங்க). சரியான பூச்சியை 1981-ல் பராகுவேயில் டோனி பெலோட்டிங்கிற பூச்சியியலாளர் கண்டுபிடிச்சார். அதன் மேல் வாழ்ந்த குளவி இங்கிலாந்தில் தனிமைக் காப்பில் இருந்துவிட்டு, அந்த வருஷமே இபாதானுக்கு வந்தது. இந்த வேலைக்குத்தான் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு.

உங்க காட்டுக்கு வருவோம். 2008-ல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சியும் குச்சியில் ஏறும். நசுக்கினா மஞ்சளா வரும், சாராயத்தில் போட்டு வெச்சா கருநீலமாகும். அதுக்கு உரிய குளவி 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அசிரோபேகஸ் பப்பாயே. லோபெசி அதைக் கட்டுப்படுத்தாது. லென்ஸ் வெச்சுப் பாருங்க: இளஞ்சிவப்பு உடம்பு, மேலே மெல்லிய வெள்ளைப் பொடி, ஓரத்தில் நீண்ட வால் இழை இல்லைன்னா அது நம்ம மரவள்ளிப் பூச்சி.

மண்ணும்_பூச்சியும்:
மணல்சாரின்னு சொன்னீங்களே, விடை அதில்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலான காடுகளில் பூச்சி அடங்கியபோது, சத்தில்லாத, மூடாக்கு இல்லாத மணல் நிலங்களில் மட்டும் அடங்கலை. ஹெரனோட வேலை செஞ்ச நோயென்ஷ்வாண்டர் குழு தேடிப் பார்த்த காரணம் இது. வாடின செடியில் மாவுப்பூச்சி வளராமல் குட்டையா நிக்கும். தாய்க்குளவி சின்னப் பூச்சி கிடைச்சா ஆண் முட்டை வைக்கும், பெரிய பூச்சி கிடைச்சாத்தான் பெண் முட்டை. அப்ப அந்தக் காட்டில் ஆண் குளவியாப் பிறந்துட்டே இருக்கும், முட்டை வைக்க ஆள் இருக்காது. எத்தனை தடவை கொண்டுவந்து விட்டாலும் இதேதான்.

அதனால் அந்தக் காட்டுக்குக் குளவி விடறதுக்கு முன்னாடி தொழுவுரம் போகணும். ஏக்கருக்கு 10 டன் அடியுரம், அப்புறம் வரிசைக்கு இடையில் சருகோ கடலைக்கொடியோ தரை தெரியாத அளவுக்கு மூடாக்கு. கோடையில் தண்ணி விடாதீங்கன்னு சிலர் சொல்றது இந்தப் பூச்சி விஷயத்தில் நேர்மாறான யோசனை. மழை அடிச்சா கரையும், வறட்சியில் பெருகும்.

எறும்பு_விரட்டி:
மருந்து வேண்டாம்ங்க. ப்ரொபனோபாஸ் மாதிரி அடிச்சா மெழுகுக்குள்ள இருக்கிற மாவுப்பூச்சி தப்பிக்கும், வெளியே திரியும் குளவி செத்துடும். எறும்பு வரிசையைக் கவனிங்க, மாவுப்பூச்சி கழிக்கிற தேன்பாகுக்காக அது குளவியைக் கிட்ட விடாது. அப்புறம் விதைக்குச்சி! பூச்சி ஊர் விட்டு ஊர் போறது பெரும்பாலும் குச்சிக் கட்டோடதான். தாய்லாந்தில் 20 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம் தயாமெத்தாக்சம் 25 சதப் பூச்சிமருந்து கலந்து கரணையை 5 முதல் 10 நிமிஷம் நனைச்சு நட்டாங்க. நீங்க செய்யறதுன்னா வேளாண் அலுவலரிடம் கேட்டுட்டுச் செய்யுங்க.

தலைவாசல்_குச்சி:
ஆண் பெண் கணக்கை நாமே பார்க்க முடியுமா சார்?

மண்ணும்_பூச்சியும்:
தாராளமா. ரெண்டு காட்டிலும் தலா 20 நுனி கிள்ளுங்க, வரப்போரமா இல்லாமல் குறுக்கே நடந்து. நுனியில் பழுப்பா, உப்பி, கெட்டியா இருக்கிறது குளவி உள்ளே இருக்கும் கூடு, அதாவது செத்த மாவுப்பூச்சியின் ஓடு. வட்ட ஓட்டை இருந்தா ஏற்கனவே வெளியே போயாச்சு, அதை எண்ணிக் குறிச்சுக்குங்க. மீதியைக் காடு வாரியா தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாயில் நெருக்கமான மஸ்லின் துணி கட்டி நிழலில் 3 வாரம் வைங்க. பாலித்தீன் பையில் கட்டினா வேர்த்துப் பூஞ்சணம் பிடிச்சு எல்லாம் வீண். வெளிவருவதில் உணர்கொம்பு முழுக்க முடி இருப்பது ஆண். கொம்பின் அடித்துண்டு தட்டையா அகலமா இருப்பது பெண். ரெண்டிலும் சேராத குளவி வந்தா அதைப் படம் எடுத்து இங்கே போடுங்க, ப்ரோகைலோநியூரஸ் மாதிரி குளவிக்கே ஒட்டுண்ணியா இருக்கலாம். ஆப்பிரிக்காவில் அவை வந்தும் லோபெசி தோற்கலை, அதனால் அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மணல் காட்டு டப்பாவில் ஆணே அதிகம்னா மூடாக்கை ஆரம்பிங்க, டப்பாவே காலின்னா ஏத்தாப்பூரில் குளவி கேளுங்க.