பவானி எழுந்துவிட்டாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை

வாய்க்கால்மேடு:
எல்லோருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். என்னிடம் பவானி என்று ஒரு பெட்டைக் குதிரை. ஏழு வருடத்துக்கு முன் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கினேன். கத்தியவார் கலப்பு என்றார் விற்றவர். காது நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும், அதைப் பார்த்து நம்பிவிட்டேன். பந்தயமெல்லாம் கிடையாது. காலையில் வாய்க்கால் மேட்டில் ஒரு சவாரி, அவ்வளவுதான்.

போன வியாழன் ராத்திரி ஒன்பதரைக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கூடையில் கொள்ளு அப்படியே இருந்தது. கொள்ளை மிச்சம் வைக்கிற ஆளே இல்லை அவள். முன்னங்காலால் தரையைப் பறிப்பதும், திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்ப்பதுமாக நின்றாள். கழுத்தில் கை வைத்தால் நனைந்த கோணிச்சாக்கு மாதிரி வியர்வை. பத்து நிமிடத்தில் படுத்துப் புரள ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாட்டுக்கு ஊற்றுகிற மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயோடு வந்துவிட்டார். டாக்டர் போனில் "ஒரு சொட்டு ஊற்றாதீங்க" என்று கத்தினார். பதினொன்றேகாலுக்கு வந்து நாடி பார்த்தார், நிமிடத்துக்கு 68. கழுத்து நரம்பில் ஊசி, மூக்கு வழியாகக் குழாய். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடியக்காலை நாலு மணிக்கு நாலு உருண்டை லத்தி போட்டாள். கையில் எடுத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. அழுதுவிட்டேன், சிரிக்காதீர்கள்.

அப்புறம் ரத்தம், லத்தி, பல் எல்லாம் பார்த்தாயிற்று. எதிலும் ஒன்றுமில்லை. தீவனமும் மாற்றவில்லை. "சில சமயம் காரணம் பிடிபடாது" என்கிறார் டாக்டர். காரணம் தெரிந்திருந்தால் அதையாவது தடுக்கலாம். இப்போது ராத்திரிக்கு ஆறு தடவை டார்ச்சோடு போய் நிற்கிறேன். அவள் படுத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பெரியப்பா வேறு, "சுழி சரியில்லைன்னு அன்னைக்கே சொன்னேன், வர்ற ஆடிக்குத் தள்ளிவிடு" என்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் எப்படி வந்தீர்கள்?

சந்தை_நண்பன்:
விக்கிறதா இருந்தா சொல்லுங்க அண்ணா. வயசு, உயரம்?

பழனி_ஜட்கா:
அண்ணா, மேலே உள்ளவரை விடுங்கள். எங்கள் அப்பா பழனியில் முப்பது வருடம் குதிரை வண்டி ஓட்டியவர். ஒரு சாம்பல் குதிரைக்குச் சுழி கெட்ட சுழி என்று அடிவாரமே சொல்லிற்று. அதுதான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தது. அதற்கும் ஒரு கார்த்திகை ராத்திரி இப்படி வந்தது, ஏன் என்று கடைசிவரை தெரியவில்லை.

அதன்பிறகு அப்பா ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். கடைசிச் சவாரி முடிந்ததும் அதன் விலாவுக்குப் பின்னால் காதை வைப்பார், ஒரு பக்கம் முடிந்ததும் மறு பக்கம். "வயிறு பேசுது, போய்ப் படுங்க" என்பார். பேசாத அன்று அவர் படுக்க மாட்டார். டார்ச் அடித்தால் அவளுக்கும் தூக்கம் கெடும். காதை வையுங்கள்.

இன்னொன்று, படுத்தாலே பயப்பட வேண்டாம். சுகத்துக்குப் புரள்கிற குதிரை எழுந்ததும் உடம்பை உதறித் தூசி தட்டும். வலியில் புரள்வது பெரும்பாலும் உதறாது, மறுபடி படுக்கத்தான் பார்க்கும்.

லாயம்_டாக்டர்:
நான் கால்நடை மருத்துவர். எண்ணெயைத் தடுத்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள். வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. இரைப்பை வாயில் அவ்வளவு இறுக்கம். அதனால்தான் மூக்குக் குழாய் போட்டு உள்ளே தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது.

சூலை வலியில், அதாவது குதிரைக்கு வருகிற இந்த வயிற்று வலியில், இப்படிக் காரணம் சிக்காமல் சரியாகிப்போவது நிறைய உண்டு. நீங்கள் எதையோ கவனிக்காமல் விட்டீர்கள் என்று அர்த்தமில்லை. ஒரு நோட்டுப் போடுங்கள். சும்மா நிற்கும்போது தாடைக்கு அடியில் நாடி பிடித்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 28 முதல் 44 வரை சாதாரணம். அவளுடைய எண் எது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். தீனியைத் தொடாமல் நாடியும் 60-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மீதமிருக்கிற வலி ஊசியை நீங்களே போடாதீர்கள், வலி மறையும், உள்ளே குடல் முறுக்கியிருந்தால் அது மறையாது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியா, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியா, வண்டி யாருடையது என்பதைப் பகலிலேயே பேசி வையுங்கள்.

ஒரு கேள்வி. தீனியைத் தரையிலா போடுகிறீர்கள்? வாய்க்கால் ஓரம் என்றால் மணலாக இருக்குமே. லத்தியை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், அடியில் மணல் நிற்கிறதா என்று.

வாய்க்கால்மேடு:
கரைத்துப் பார்த்தேன் டாக்டர். இரண்டு சிட்டிகை மணல் இருந்தது. அதுதான் காரணமா?

லாயம்_டாக்டர்:
அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தரையில் மேய்கிற குதிரைக்குக் கொஞ்சம் இருக்கும். ஆனாலும் தொட்டி கட்டுங்கள். வாரம் ஒருமுறை கரைத்துப் பாருங்கள், கூடினால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு:
பழைய டிராக்டர் டயரைத் திருப்பிப் போட்டு, அடியில் பலகை வைத்துத் தொட்டி செய்தாயிற்று. நாடி மூன்று நாளாக 36, 38, 36. பெரியப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படி ஒண்ணு எழுதேன்" என்றார்.

நேற்று ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தேன். பழனித் தங்கை சொன்ன மாதிரி காதை வைத்தேன். மோட்டார் போட்டதும் குழாயில் முதல் தண்ணீர் வருமே, அதே சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று நின்றேன். மூக்கால் என் தோளை இடித்துக் கொள்ளுக் கூடைப் பக்கம் தள்ளினாள்.

சந்தை_நண்பருக்கு: விற்கவில்லை.