தேங்ஸ்கிவிங் விருந்துக்குக் காய்கறி சைட் டிஷ்: ஒரே ஓவன், 12 பேர், அதில் 5 பேர் சுத்த சைவம்

மேப்பிள்தெரு கேட்டது:

நவம்பர் நாலாவது வியாழன், அமெரிக்காவின் நன்றியறிதல் நாள் விருந்து. மொத்தம் 12 பேர். 5 பேர் சுத்த சைவம், முட்டையும் ஆகாது. பால், வெண்ணெய் ஓகே. மற்றவர்கள் அமெரிக்க நண்பர்கள், டர்க்கி (வான்கோழி) இல்லாமல் அவர்களுக்கு அந்த நாள் கிடையாது. 14 பவுண்டு டர்க்கி, உள்ளே ஸ்டஃபிங் (ரொட்டிக் கலவை) அடைக்கப் போவதில்லை.

ஓவன் ஒன்றுதான். நாலு பர்னர் அடுப்பு, இன்ஸ்டன்ட் பாட் (மின்சார பிரஷர் குக்கர்), மைக்ரோவேவ் இருக்கு. மாலை 4 மணிக்குச் சாப்பாடு. காய்கறி சைட் டிஷ் நாலோ அஞ்சோ வேணும். பொரியல், கூட்டு வேண்டாம். அந்த ஊர் பதார்த்தமாவே இருக்கட்டும், ஆனா நம்ம நாக்குக்குச் சப்புன்னு இருக்கக் கூடாது. எதை முந்தின நாளே முடிச்சு வைக்கலாம், எதைக் கடைசியில்தான் செய்யணும்? அளவோடு சொன்னால் உதவியா இருக்கும்.

அடுப்பங்கரை:

எது ருசி என்று பட்டியல் போடாதீங்க, எது எங்கே வேகும் என்று பட்டியல் போடுங்க. உங்களுக்குத் தட்டுப்பாடு ஓவன்தான். 14 பவுண்டு டர்க்கி, ஸ்டஃபிங் இல்லாமல், 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 3 முதல் 3¾ மணி நேரம் பிடிக்கும். தெர்மாமீட்டர் தடித்த இடத்தில் 165 காட்டணும். 11:15-க்கு வைத்தால் எப்படியும் 3 மணிக்குள் வெளியே வந்துவிடும். அப்புறம் அது 40 நிமிஷம் சும்மா கிடக்கணும், உடனே வெட்டினால் சாறு பூராவும் பலகையில் ஓடும். அந்த 40 நிமிஷம்தான் உங்கள் காய்கறிக்குக் கிடைக்கிற ஓவன் நேரம். அதில் இரண்டு பதார்த்தத்துக்கு மேல் திணிக்காதீங்க.

என் தேர்வு: பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் (குட்டி முட்டைக்கோஸ் மாதிரி காய்), கிரீன் பீன்ஸ் கேசரோல் (சாஸோடு தட்டில் கொட்டி ஓவனில் சுடுவது) இரண்டும் ஓவனுக்கு. மசித்த உருளைக்கிழங்கு இன்ஸ்டன்ட் பாட்டுக்கு. சர்க்கரைவள்ளி முந்தின நாள். கிரான்பெரி (புளிப்பான சிவப்புப் பழம்) இரண்டு நாள் முன்பே.

கேசரோலை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலும் அதுதான் தண்ணீர் விட்டுக்கொண்டு மேசைக்கு வரும். 1955-ல் நியூ ஜெர்சி கேம்டனில் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டோர்கஸ் ரைலி உருவாக்கியது: ஒரு டின் காளான் சூப், பால், பீன்ஸ், மேலே டின்னில் வரும் வறுத்த வெங்காயம். வீட்டில் எப்போதும் இருக்கிற பொருளை வைத்து முடிக்கணும் என்பதுதான் அதன் நோக்கம். நம் நாக்குக்கு டின் சூப் உப்பு மட்டும்தான் தெரியும். சாஸை நீங்களே கிளறுங்க, 20 நிமிஷ வேலை.

பீன்ஸ் 900 கிராம், ஒன்றரை அங்குலத் துண்டு. 4 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 3 டேபிள்ஸ்பூன் உப்பு போட்டு, பீன்ஸைப் போட்டு 5 நிமிஷம், மூடாமல். உடனே ஐஸ் தண்ணீரில் கொட்டி, ஆறியதும் வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுங்க. இந்த ஒற்றலைத் தவிர்த்தால் சாஸ் நீர்த்துவிடும்.

காளான் 350 கிராம். 3 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, பெரிய தீ. முதலில் தண்ணீர் விடும், பிறகு அது சுண்டி, காளான் சட்டியில் ஒட்டிப் பழுப்பேறும். 8 முதல் 10 நிமிஷம் ஆகும். வெள்ளையாக இருக்கும்போதே மைதாவைப் போட்டால் மிச்சத் தண்ணீரை அது ஓவனுக்குள் போன பிறகு விடும். பழுப்பேறியதும் 4 பல் பூண்டு, 3 டேபிள்ஸ்பூன் மைதா, 2 நிமிஷ வதக்கல். ஒரு கப் காய்கறி ஸ்டாக், ஒன்றே கால் கப் பால், கொஞ்சம் கொஞ்சமாக. கரண்டியின் முதுகில் பூசிக்கொள்ளும் பதம் வந்ததும் இறக்கி, புதிதாகப் பொடித்த மிளகு தாராளமாக ஒரு டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு துருவல். இதுவரை எல்லாம் புதன்கிழமையே ஆகட்டும். பீன்ஸும் சாஸும் தனித்தனி டப்பாவில் ஃபிரிட்ஜில்.

வியாழன் 3:20-க்கு சாஸை கால் கப் பால் விட்டு அடுப்பில் சூடாக்கி, பீன்ஸைப் போட்டுப் புரட்டி, நன்றாகக் கொதி வந்ததும் 9-க்கு 13 அங்குலத் தட்டில் கொட்டுங்க. சில்லென்று ஓவனுக்குள் போனால் அரை மணி நேரம் வேணும், கொதிக்கக் கொதிக்கப் போனால் 10 நிமிஷம் போதும். வறுத்த வெங்காயம் 6 அவுன்ஸ் டின், கடைசி 4 நிமிஷத்துக்கு மட்டும். ஸ்ப்ரௌட்ஸுக்காக ஓவன் 425-ல் இருக்கும், முதலிலேயே தூவினால் கரிந்துவிடும்.

கடுகுவெடி:

ஸ்ப்ரௌட்ஸ் பத்தி நான் சொல்றேன். 12 பேருக்கு ஒண்ணேகால் கிலோ. புதன்கிழமையே காம்பை மெல்லிசா சீவி, நீளவாக்குல ரெண்டா வெட்டி, கழுவி, பேப்பர் டவல் போட்ட டப்பாவுல வைங்க. ஈரமா தட்டுல போனா அது வறுபடாது, அவியும். அவிஞ்சா கந்தக வாடை. அந்த வாடையைப் பார்த்துத்தான் பல பேருக்கு இந்தக் காயே பிடிக்காம போச்சு. கசப்பும் முன்ன மாதிரி இல்ல, 1990-கள்ல நெதர்லாந்துல கசப்புக்குக் காரணமான சேர்மானம் எதுன்னு கண்டுபிடிச்சு, அது குறைவான ரகங்களை வளர்த்தாங்க.

டர்க்கி வெளிய வந்ததும் ஓவனை 425-க்கு ஏத்தி, 18-க்கு 13 அங்குல ஷீட் பான் ரெண்டையும் வெறுமனே உள்ள வெச்சு 15 நிமிஷம் காய விடுங்க. ஸ்ப்ரௌட்ஸுக்கு 4 டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. சூடான தட்டுல கொட்டி, வெட்டுன பக்கம் கீழே இருக்கற மாதிரி இடுக்கியால திருப்புங்க. ஒரு தட்டுலயே எல்லாத்தையும் நெருக்கிப் போட்டீங்கன்னா மேல சொன்ன அவியல் கதைதான். 22 முதல் 25 நிமிஷம், 12-வது நிமிஷத்துல மேல் தட்டை கீழயும் கீழ் தட்டை மேலயும் மாத்துங்க. காயைக் கிளறாதீங்க. உதிர்ந்த இலைகளைத் தூக்கிப் போடாதீங்க, அது அப்பளம் கணக்கா மொறுமொறுன்னு வரும், ஆனா கடைசி 8 நிமிஷத்துல சேர்க்கணும்.

நம்ம நாக்குக்கு: 2 டேபிள்ஸ்பூன் நெய், ஒரு டீஸ்பூன் கடுகு, கிள்ளின வரமிளகாய் 3, கறிவேப்பிலை. தாளிச்சு தட்டுமேலயே கொட்டி, பரிமாறும்போது அரை எலுமிச்சை. தேனோ மேப்பிள் சிரப்போ விடற ஆளா இருந்தா அதையும் கடைசியிலதான் விடணும், 425-ல சர்க்கரை நிக்காது.

கிழங்குக்கூடை:

ஒரு சின்ன மறுப்பு. ரெண்டு ஷீட் பான் உள்ளே இருக்கும்போது கேசரோலுக்கு வீட்டு ஓவனில் இடம் இருக்காது. 30 அங்குல ரேஞ்சில் (ஓவனோடு சேர்ந்த அடுப்பு) ஒரு ரேக்குக்கு ஒரு ஷீட் பான்தான், பக்கத்தில் 9-க்கு 13 தட்டு நுழையாது. வரிசையாகப் போகட்டும்: 3:15-க்கு ஸ்ப்ரௌட்ஸ், 3:40-க்கு வெளியே, உடனே கேசரோல், 3:50-க்கு வெங்காயத்தோடு முடிந்துவிடும். தாளித்த ஸ்ப்ரௌட்ஸ் சூடான தட்டிலேயே இருக்கட்டும். மூடி போடாதீங்க, மொறுமொறுப்பு போயிடும்.

மசித்த உருளைக்கு 2¼ கிலோ யூகான் கோல்ட். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வளர்த்த ரகம், 1980-ல் வெளிவந்தது. ரசெட் என்கிற இன்னொரு உருளை ரகம் அளவுக்கு மாவு கிடையாது, அதனால் தண்ணீர் அதிகம் குடிக்காது. தோல் சீவி ஒன்றரை அங்குலத் துண்டு, பச்சைத் தண்ணீரிலேயே உப்போடு அடுப்பில் ஏற்றுங்க. கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் கரைந்து நடுவில் கட்டியாக நிற்கும். வெந்ததும் வடித்து, வெறும் பாத்திரத்தில் திரும்பப் போட்டு சின்னத் தீயில் 2 நிமிஷம் குலுக்குங்க, ஈரம் ஆவியாகணும். சூட்டோடு மசித்து, முதலில் 200 கிராம் வெண்ணெய், அது கலந்த பிறகு சூடான பால் ஒன்றரை கப். மிக்ஸி, ஹேண்ட் பிளெண்டர் பக்கமே போகாதீங்க: கத்தி மாவணுக்களைக் கிழித்தால் உள்ளிருக்கிற மாவுச்சத்து வெளியே வந்து பசை ஆகிவிடும். அப்படி ஆனதைத் திருப்ப முடியாது.

2:30-க்கு மசித்து இன்ஸ்டன்ட் பாட்டில் 'கீப் வார்ம்' போட்டால் 4 மணி வரை தாங்கும். நடுவில் இரண்டு தடவை அடியோடு புரட்டி, இறுகியிருந்தால் கால் கப் சூடான பால். வெண்ணெயை உருக்கும்போது ஒரு டீஸ்பூன் சீரகமும் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகும் பொரியவிட்டால் சப்பென்று இருக்காது, அமெரிக்க நண்பர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மேப்பிள்தெரு:

நேரக்கணக்கு தெளிவாயிடுச்சு, நன்றிங்க. சர்க்கரைவள்ளிக்கு மேலே மார்ஷ்மெல்லோ போடறாங்களே, அதை நம்மவங்களுக்குத் தரலாமா? கேசரோல்னா முட்டை சேர்க்கணும்னு வேற எழுதியிருக்கு.

லேபிள்படி:

மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கு, பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்தது. கோஷர் (யூத உணவு விதிப்படி) முத்திரை இருந்தாலும் சைவம் என்று அர்த்தமில்லை, மீன் ஜெலட்டினாக இருக்கலாம். 'வீகன்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்க, அல்லது விட்டுவிடுங்க.

மற்ற கண்ணிவெடிகளும் இருக்கு. அட்டைப்பெட்டி ஸ்டஃபிங் கலவையில் கோழி ஸ்டாக் பொடி இருக்கலாம். வூஸ்டர்ஷர் சாஸில் நெத்திலி வகை மீன். இத்தாலிய பார்மஜான் சீஸில் பாலை உறையவைக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட். டின் சூப்பும் கிரேவி பாக்கெட்டும் 'காய்கறி' என்று முகப்பில் சொன்னாலும் பின்னால் இருக்கிற சிறிய எழுத்தைப் படியுங்க. சைவ கிரேவிக்குத் தனியாக மெனக்கெட வேண்டாம், மேலே சொன்ன காளான் சாஸை ஒன்றரை மடங்கு செய்து, மிச்சத்தை ஸ்டாக் விட்டு நீர்க்கக் கரைத்தால் அதுவே கிரேவி.

சர்க்கரைவள்ளிக்கு முட்டை அவசியமில்லை. அது கட்டிப்படத்தான், கிழங்கை அவிக்காமல் சுட்டால் தானே கெட்டியாக இருக்கும். 1¾ கிலோ ஆரஞ்சு ரகம், தோலோடு, முள்கரண்டியால் குத்தி, அடியில் ஃபாயில் விரித்து (பாகு சொட்டிக் கரியும்) புதன்கிழமை 400 டிகிரியில் ஒரு மணி முதல் ஒன்றேகால் மணி நேரம். ஓவன் காயும் முன்பே உள்ளே வைத்துவிட்டால் இன்னும் இனிக்கும். கிழங்கின் உட்புறம் மெதுவாகச் சூடேறும்போது அதிலுள்ள நொதி மாவுச்சத்தை மால்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. சூடு மிஞ்சினால் நொதி செயலிழந்துவிடும். மைக்ரோவேவில் வெந்த கிழங்கு இனிக்காததற்குக் காரணம் இதுதான். தோலை உரித்து மசித்து, 60 கிராம் வெண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, ஒரு ஆரஞ்சின் தோல் துருவல். சர்க்கரை வேண்டாம்.

ஓவன் இடம் இல்லையென்பதால் மேல் தூவலை அடுப்பிலேயே முடிக்கலாம்: ஒரு கப் பீக்கன் பருப்பு, 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, கால் டீஸ்பூன் மிளகாய்த்தூள், நடுத்தரத் தீயில் சர்க்கரை உருகி ஒட்டும்வரை 4 நிமிஷம். காகிதத்தில் பரப்பி ஆறவிட்டு உடைங்க. கிழங்கை மைக்ரோவேவில் சூடாக்கி, பரிமாறும் நேரத்தில்தான் தூவணும், முன்னாடியே தூவினால் ஈரத்தில் பிசுபிசுக்கும்.

கடுகுவெடி:

கிரான்பெரியை யாரும் சொல்லலையே! 12 அவுன்ஸ் பாக்கெட், ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணி, 10 நிமிஷம் கொதி. பழம் வெடிச்சதும் அதோட பெக்டின்லயே ஆறினதும் இறுகிடும். சூடா இருக்கறப்ப தண்ணியா தெரியுதேன்னு மேலும் கொதிக்க விட்டா மறுநாள் கத்தியாலதான் வெட்டணும்.

இதோட இன்னொரு பாக்கெட்ல தொக்கு போடுங்க. 4 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, அரை டீஸ்பூன் பெருங்காயம், பழத்தைப் போட்டு உடனே மூடி (வெடிச்சு முகத்துல தெறிக்கும்). 6 நிமிஷம் கழிச்சு மசிச்சு, 2 டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் வறுத்துப் பொடிச்ச வெந்தயம், 3 டேபிள்ஸ்பூன் வெல்லம், எண்ணெய் பிரியுற வரைக்கும். புளி தேவையே இல்ல, பழமே போதும். உறைஞ்ச பழம்னா உருக விடாம அப்படியே போடலாம். டர்க்கிக்கும் இது பிரமாதமா சேரும், தனியா ஒரு கிண்ணம் எடுத்து வைங்க.

மேப்பிள்தெரு:

கடைசியா ஒண்ணு. பீன்ஸை எலுமிச்சை பிழிஞ்சு வெச்சா நிறம் மாறிடுதே, ஸ்ப்ரௌட்ஸும் அப்படி ஆகுமா?

அடுப்பங்கரை:

ஆகும். புளிப்பு பச்சையத்திலிருந்து மெக்னீசியத்தை வெளியேற்றிவிடும், பச்சை போய் ராணுவ உடுப்பு நிறம் வந்துவிடும். சூடாக இருக்கும்போது சீக்கிரம் மாறும். அதனால் எலுமிச்சையைத் துண்டு போட்டு ஸ்ப்ரௌட்ஸ் தட்டின் ஓரத்திலேயே வைத்துவிடுங்க, அவரவர் பிழிந்துகொள்ளட்டும். கேசரோலில் எலுமிச்சை வேண்டவே வேண்டாம், பாலும் திரிந்து தொலைக்கும்.