டிவிடி துண்டு + போன் கேமரா நிறமாலைமானி: சிவப்புக் கோடு 13 நானோமீட்டர் தள்ளி நிற்கிறது

தக்கலை_டீச்சர்:

வணக்கம். பள்ளி அறிவியல் மன்றத்துக்காக ஒரு நிறமாலைமானி (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) செய்திருக்கிறோம். 25 செ.மீ. நீளக் கறுப்பு அட்டைப் பெட்டி. ஒரு முனையில் இரண்டு ஷேவிங் பிளேடுக்கு நடுவே பிளவு. மறுமுனையில், உரித்த டிவிடி-ஆர் துண்டு ஒளிக்குச் செங்குத்தாக. அதன் பின்னால் சுமார் 47 டிகிரி சாய்த்து போன் கேமரா. கேமரா அமைப்பு எல்லாம் ஆட்டோமேட்டிக், படம் ஜேபெக். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் மாதிரிகள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று ஒப்பிட வேண்டும்.

சிஎஃப்எல் பல்பின் நீலக் கோடு 435.8 நானோமீட்டர், பச்சைக் கோடு 546.1 என்று வைத்து அளவு குறித்தோம். நடுவில் 608 பிக்சல். பச்சையிலிருந்து சிவப்புக் கோடு 432 பிக்சல் தள்ளி இருக்கிறது. கணக்குப்படி அது 624. வர வேண்டியது 611.6. உப்பு தூவிய தீயின் மஞ்சளும் 596 காட்டுகிறது.

வெள்ளை எல்இடி-யின் வரைபடமோ மூன்று மேடாக, பச்சை மேட்டின் தலை தட்டையாக வருகிறது.

இன்னொன்று: பெட்டியே வேண்டாம், தேன் பாட்டிலை போட்டோ எடுத்தால் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எண்களிலிருந்தே நிறமாலையை மீட்டுவிடலாம் என்கிறார்கள். அது போதுமா?

பறக்கை_லென்ஸ்:

டீச்சர், பெட்டி நல்லாத்தான் இருக்கு. இரண்டு கோட்டை வச்சு நேர்கோடு போட்டதுதான் பிரச்சினை. டிவிடி தடங்களுக்கு நடுவே 740 நானோமீட்டர். ஒளி செங்குத்தா விழுந்தா அலைநீளம் = 740 × சைன் கோணம். அப்படின்னா நீலம் 36.1 டிகிரியில், பச்சை 47.6-ல், சிவப்பு 55.7-ல். சைன் வளைவு மேலே போகப் போகப் படுக்கும். அதனால சிவப்புப் பக்கம் நிறமாலை கூடுதலா விரியும். உங்க எண்களிலேயே பாருங்க: நீலம்-பச்சைக்கு நடுவே பிக்சலுக்கு 0.181 நானோமீட்டர், பச்சை-சிவப்புக்கு நடுவே 65.5 ÷ 432 = 0.152. முதல் எண்ணை இரண்டாவது இடத்திலும் போட்டதால வந்த 13 அது.

மூணு கோட்டையும் வச்சு இருபடி வளைவு பொருத்துங்க. எக்செல் ட்ரெண்ட்லைன் போதும், ஆனா அது காட்டும் குணகத்தை அப்படியே எடுக்காதீங்க, தசம இலக்கங்களைக் கூட்டிடுங்க. −0.0000285 என்பதை −0.00003 என்று வெட்டினாலே 2000-வது பிக்சலில் 6 நானோமீட்டர் போயிடும். உப்புத் தீயில் வரும் சோடியம் மஞ்சளை வளைவுக்குள்ள சேர்க்க வேண்டாம். அது சரிபார்க்க: 589.3-க்கு அரை நானோமீட்டருக்குள்ள வந்தா கணக்கு சரி.

சிஎஃப்எல் பச்சையில ஒரு பொறி இருக்கு. 546.1 பாதரசக் கோட்டுக்குப் பக்கத்திலேயே 542 அருகே டெர்பியம் பாஸ்பர் (பல்பின் உட்பூச்சு) ஒளியும் வரும். உங்க பெட்டி நீளத்துக்குப் பிளவு 1 மி.மீ. இருந்தா ஒவ்வொரு கோடும் 3 நானோமீட்டர் தடிக்கும், இரண்டும் ஒண்ணாயிடும். 0.2 மி.மீ. வச்சா 0.6 தான். இரண்டா பிரிஞ்சு தெரியணும். சிவப்புப் பக்கம் இருக்கிற ஒல்லியான கோடுதான் 546.1.

குழித்துறை:

பிளேடு பத்தி ஒரு வார்த்தை. நம்ம கடற்காத்துல வெட்டுமுனை சீக்கிரம் துருப்பிடிக்கும். நிறமாலையில நீளவாக்கில், எல்லா நிறத்தையும் கடந்து கறுப்புக் கீறல் ஓடினா அது உறிஞ்சுகோடு இல்ல, பிளவில் தூசியோ துருவோ. டிவிடி துண்டில் ஊதாச் சாயம் மிச்சமிருக்கான்னும் பாருங்க. அந்தச் சாயம் பச்சை-மஞ்சளைத் தின்னும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, தடத்தைத் தேய்க்காம ஓரத்தைப் பிடிச்சு உலர விடுங்க.

தட்டைத் தலைக்குக் காரணம் பிக்சல் நிரம்பி 255-ல் முட்டி நிற்பது. மூணு மேடு கேமராவோட சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளோடது, எல்இடி-யோடது இல்ல. ஜேபெக்கில் காமா வளைவு இருக்கு. எண் இரட்டிப்பானா ஒளி இரட்டிப்பானதா அர்த்தமில்ல. அதோட தனி அலைநீள ஒளியின் நிறம் ஜேபெக் வண்ண எல்லைக்குள்ள அடங்காது, போன் அதை வெட்டி எழுதிடும். ஓப்பன் கேமரா செயலியில ரா படம் (போன் திருத்தாத, சென்சார் தந்த எண்கள்) எடுங்க. ஐஎஸ்ஓ 100, ஃபோக்கஸும் எக்ஸ்போஷரும் பூட்டி, அதிக வெளிச்சமான இடம் முழு அளவில் 80 விழுக்காட்டைத் தாண்டாம. பிளவை மூடி அதே எக்ஸ்போஷரில் ஓர் இருட்டுப் படம். ராவை வண்ணமாற்றமில்லாத 16 பிட் லீனியர் டிஃப் கோப்பா மாத்தி, இமேஜ்ஜே என்ற படம் அளக்கும் மென்பொருளில செவ்வகம் வரைஞ்சு ப்ளாட் ப்ரொஃபைல் கொடுத்தா செவ்வக உயரம் முழுக்கச் சராசரி எடுத்துத் தரும்.

தேனுக்கு வடிகட்டி மேடெல்லாம் தொல்லையே இல்ல. தண்ணி ஊத்தின கண்ணாடிக் குப்பியை ஒரு படம், அதே குப்பியில் தேனை ஒரு படம். இரண்டிலும் இருட்டைக் கழிச்சு, தேனைத் தண்ணியால் வகுத்து, மடக்கை எடுத்துக் குறியை மாத்தினா உறிஞ்சளவு. கேமராவின் கோணல் வகுத்தலில் மேலேயும் கீழேயும் இருப்பதால அடிபட்டுப் போகும். விளக்கு மட்டும் எல்இடி வேண்டாம், 480 அருகே அதுக்குப் பள்ளம். 12 வோல்ட் ஹாலஜன் பல்பை வண்டி பேட்டரியில் கொடுங்க. வீட்டுக் கரண்டில் வோல்டேஜ் ஏறி இறங்கினா இழையின் சூடு மாறும், நீலப் பக்கம் முதல்ல கெடும்.

எல்இடி-யின் உண்மை வடிவமே வேணும்னா கேமராவின் உணர்திறனைத் திருத்தணும். 2700 கெல்வின் குண்டு பல்பில் 650-ல் உள்ள ஒளி 450-ல் உள்ளதைப் போல சுமார் 6 மடங்கு. சூடான பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி விடும்னு சொல்லும் பிளாங்க் சூத்திரப்படி அந்த வளைவைக் கணக்கிட்டு, உங்க கேமரா காட்டினதோட வகுத்து வச்சுக்கிட்டா அதுதான் திருத்தப் பட்டியல்.

பறக்கை_லென்ஸ்:

மூணாவது கேள்விக்கு (பாட்டில் போட்டோ மட்டும் போதுமா): போதாது. 400 முதல் 700 வரை பத்துப் பத்தா எடுத்தா 31 எண் கண்டுபிடிக்கணும். கையில் இருப்பது மூணு. போன் திரையில் மஞ்சள் சதுரம் ஒண்ணு போட்டு உங்க பெட்டியில் பாருங்க: சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை. உப்புத் தீயைப் பாருங்க: ஒரே மஞ்சள் கோடு. சாதாரணப் போட்டோவில் இரண்டையும் ஒரே ஆர்ஜிபி எண்ணா வர வச்சிடலாம். அந்த எண்ணிலிருந்து எந்தச் செயலியாலும் திரும்பிப் போக முடியாது, ஊகிக்கத்தான் முடியும்.

ஊகம் பலிக்கும் இடமும் உண்டு. பொருளின் வளைவு வழுவழுப்பா இருக்கணும், விளக்கும் போனும் மாறக்கூடாது, நிறமாலை தெரிஞ்ச 24 கட்ட வண்ண அட்டையை அதே வெளிச்சத்தில் எடுத்துப் பொருத்தணும். தேன் அந்த வகைதான். ஆனா எதிர்பாராத ஒல்லிக் கோடு ஒண்ணு இருந்தா அது காட்டவே காட்டாது. பெட்டி காட்டும்.

தக்கலை_டீச்சர்:

நன்றி அண்ணாச்சி. ரா, இருபடி இரண்டும் செய்தோம்; சோடியம் 589.1. ஆனால் அடர் நிறத் தேனில் 450-க்குக் கீழே வரைபடம் கண்டபடி குதிக்கிறது. குப்பி 1 செ.மீ. கலப்படம் இதில் தெரியுமா என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

குழித்துறை:

அங்க ஒளியே வந்து சேரல, இருட்டை இருட்டால் வகுக்கிறீங்க. இரண்டு ஸ்லைடுக்கு நடுவே 2 மி.மீ. இடைவெளி விட்டு அதில் தேனை ஊத்துங்க, உறிஞ்சளவை 5-ஆல் பெருக்கினா 1 செ.மீ. கணக்கு. அதிலும் 420-க்குக் கீழே வருவதை விட்டுடுங்க. ரப்பர்த் தோட்டத் தேன் சீக்கிரம் உறையும். படிகம் ஒளியைச் சிதறடிச்சு உறிஞ்சின மாதிரி பொய் சொல்லும். 40 டிகிரி வெந்நீரில் குப்பியை வச்சுத் தெளிய விட்டு, குமிழி அடங்கினப்புறம் எடுங்க.

கலப்படம் தெரியாது. சர்க்கரைப் பாகுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நிறமே இல்ல. அதுக்குக் கார்பன் ஐசோடோப்பு விகிதமோ என்எம்ஆரோ (அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை) பார்க்கும் ஆய்வகம் வேணும். பிள்ளைங்க வரைபடத்தை வச்சு யார் தேனையும் நல்லது, கெட்டதுன்னு எழுதாம பாத்துக்கிடுங்க.