காற்றாலை இவ்வளவு மெதுவாகச் சுற்றி எப்படி மின்சாரம் தருகிறது?

கேள்வி:
நேற்று பயணத்தில் ஒரு காற்றாலைக் கூட்டத்தைக் கடந்து வந்தோம். எண்ணிப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி. வீட்டு மின்விசிறியே இதைவிட வேகம். இதிலிருந்து மெகாவாட் கணக்கில் எப்படி மின்சாரம் வருகிறது? அப்புறம், நல்ல காற்றிலும் இரண்டு மூன்று சும்மா நின்றிருந்தனவே, ஏன்?

பதில் 1:
தூரத்திலிருந்து பார்ப்பதால்தான் மெதுவாகத் தெரிகிறது. ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 12 சுற்று. இறக்கை 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் நுனி ஒரு சுற்றில் சுமார் 377 மீட்டர் ஓடுகிறது, மணிக்கு 270 கிலோமீட்டர்! அடியில் போய் நின்று பாருங்கள், ஒவ்வொரு இறக்கையும் இறங்கி வரும்போது 'உஷ்ஷ்' என்று காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். மேலே கியர்பாக்ஸ் அந்த 12 சுற்றை ஜெனரேட்டருக்காக 1,500 வரை ஏற்றிவிடும். கியர்பாக்ஸ் இல்லாத வகையும் உண்டு.

பதில் 2:
சுற்றும் வேகத்தை விடுங்கள், காற்றின் வேகம்தான் முக்கியம். அது இரண்டு மடங்கானால் காற்றிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். கோபுரத்தை அவ்வளவு உயரமாகக் கட்டுவதே மேலே காற்று வேகமாக வீசுகிறது என்பதற்காகத்தான். ஆனால் முழுவதையும் பிடிக்க முடியாது, பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். உச்ச வரம்பு 59.3 சதவீதம், ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டியது.

பதில் 3:
நான் பராமரிப்பு வேலையில் இருந்தவன். நிற்பதற்குப் பழுது மட்டுமே காரணம் இல்லை. விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே காற்று போனால் பெரும்பாலானவை மின்சாரம் தராது, சுமார் 25ஐத் தாண்டினால் இறக்கையின் விளிம்பைக் காற்றுக்கு நேராகத் திருப்பி நிறுத்திக்கொள்ளும். எனக்கு மனசு கேட்காதது இன்னொன்று: இயந்திரம் நல்ல நிலையில் இருக்கும், காற்றும் பிய்த்துக்கொண்டு அடிக்கும், ஆனால் மின்கம்பியில் அந்த மின்சாரத்தைக் கொண்டுபோக இடமிருக்காது, நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். காற்றாலை கட்டுகிற வேகத்துக்கு மின்பாதையும் போடவேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நுனி வேகத்தை நான் யோசிக்கவே இல்லை. சரி, இன்னும் வேகமாகச் சுற்றவிட்டால் என்ன?

பதில் 3:
சத்தம் தாங்காது. அதோடு அந்த வேகத்தில் மழைத்துளி பட்டுப்பட்டே இறக்கையின் முன்விளிம்பு அரித்துவிடும். கையால் தடவியிருக்கிறேன், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும்.