எவாஞ்சலியன்: எந்த வரிசையில் பார்ப்பது?

நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் 26 எபிசோடும் முடித்துவிட்டேன். கடைசி இரண்டும் தலைகால் புரியவில்லை. 1997இல் இரண்டு படம், 2007இலிருந்து நான்கு என்கிறார்கள், எதில் தொடங்க?

பழைய ரசிகன்: தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் வந்தது. கடைசியில் நேரம் போதாமல், நாயகன் ஷின்ஜியின் மனசுக்குள்ளேயே கதையை முடித்துவிட்டார்கள். வெளியே என்ன நடந்தது என்பதை 1997 ஜூலையில் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்' காட்டுகிறது. அடுத்து அதைத்தான் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: அப்போ அதே வருஷம் மார்ச்சில் வந்த 'டெத் அண்ட் ரீபர்த்'?

பழைய ரசிகன்: விட்டுவிடலாம். 'டெத்' முதல் 24 எபிசோடுகளின் தொகுப்பு. 'ரீபர்த்' என்பது படம் சொன்ன தேதிக்குள் முடியாததால் வந்த பாதிப் படம், அதுவும் ஜூலைப் படத்திலேயே இருக்கிறது. காசு கொடுத்துப் பார்த்த ஜப்பான்காரர்கள் பாவம்.

இரவுப்பறவை: அந்த நான்கும் 'ரீபில்ட்' படங்கள், கதையை மறுபடி சொல்பவை, அவை தனி, நண்பரே. 2007, 2009, 2012, அப்புறம் ஒன்பது வருஷ இழுவை. கொரோனாவால் இரண்டு முறை தள்ளிப்போய் 2021 மார்ச் 8இல்தான் நான்காவது வந்தது. முதல் படம் கிட்டத்தட்ட முதல் ஆறு எபிசோடுகளேதான், இரண்டாவதில் பாதை மாறும். மூன்றாவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நான்காவதுக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்: சரி, இன்றிரவு 'எண்ட்'. நாளை ஆபீஸ் வேறு இருக்கிறது.

இரவுப்பறவை: அப்படியென்றால் சனிக்கிழமை பாருங்கள்.